லாச்சிக்கும் தாச்சிக்கும் இடையில்

எனக்கு ஒரு குணம் உண்டு. தமிழிலிருந்து வேறொரு மொழிக்குப் போன சொல்லைப் பற்றி யாராவது சொன்னால் அன்று முழுக்க மனம் குளிர்ந்திருக்கும். வேறொரு மொழியிலிருந்து தமிழுக்கு வந்த சொல் என்றால் முகம் கொஞ்சம் கறுத்துப்போகும். தமிழ் படிப்பித்த காலம் முழுவதும் இந்தக் குணத்தோடுதான் இருந்தேன். கட்டுமரம், கறி, சுருட்டு, மிளகுத்தண்ணீர் என்று வகுப்புச் சுவரில் ஒரு பட்டியல் தொங்கும். உலகத்துக்குத் தமிழ் கொடுத்தவை. வாங்கியவற்றுக்குச் சுவரில் இடம் வைக்கவில்லை. பிள்ளைகள் கட்டுரையில் 'கந்தோர்' என்று எழுதினால் சிவப்புப் பேனையால் வெட்டி, மேலே 'அலுவலகம்' என்று எழுதிவிடுவேன். அதற்காக இப்போது கன்னத்தில் போட்டுக்கொள்ளப் போவதில்லை. 'அலுவலகம்' நல்ல சொல்தான். ஆனால் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், "தபால்கந்தோருக்குப் போட்டு வாறன்" என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போகிறவளும் நான்தான்.

இந்தக் குணத்தைக் கிண்டிப் பார்த்தவள் என் பேத்தி. நெதர்லாந்தில் பிறந்தவள். அந்த நாட்டின் வடமேற்கில், டென் ஹெல்டர் என்ற துறைமுக நகரத்தில், எங்கள் ஆட்கள் கோயில் கட்டிக் குடியிருக்கிறார்கள். மகள் குடும்பமும் அந்தப் பக்கந்தான். அங்கே கோடை விடுமுறை விடுவதும் இங்கே யாழ்ப்பாணத்து நல்லூரில் கொடியேறுவதும் ஏறத்தாழ ஒரே காலம். அதனால் வர முடிந்த வருடங்களில் திருவிழாவோடு வந்துவிடுவார்கள். பேத்திக்குத் தமிழ் விளங்கும், ஆனால் பாதியில் தடுக்கும். என் பேச்சில் எந்தச் சொல் அவளுக்குத் தடுக்கும், எது தடுக்காது என்று என்னால் ஒருநாளும் ஊகிக்க முடிந்ததில்லை.

கத்தரிக்கோல் தேடிக்கொண்டிருந்தாள். "லாச்சிக்குள்ள கிடக்கும், பார் பிள்ளை" என்றேன். மேசையடிக்குப் போனவள் திரும்பி வந்து என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அம்மம்மா, உங்களுக்கு டச்சு தெரியுமோ?"

மேசையில் இழுத்துத் திறக்கும் பெட்டிக்கு டச்சு மொழியில் 'லா' என்று பெயராம். சின்னதாக இருந்தால் 'லாட்ச்யே'. ஒல்லாந்தருக்கு எதையும் சின்னதாக்கிச் சொல்வதில் ஒரு பிரியம். ஒரு கோப்பித் தண்ணியைக்கூட வாலில் ஒரு 'ச்யே' ஒட்டாமல் கேட்கமாட்டார்கள் என்கிறாள் மகள். அந்த வால்தான் எங்கள் வாயில் 'ச்சி' ஆகியிருக்கிறது. அன்று மத்தியானம் போஞ்சிக் கறி. மலையகத்திலிருந்து லொறியில் இங்குள்ள திருநெல்வேலிச் சந்தைக்கு வந்த போஞ்சி. அதுவும் அகப்பட்டது. டச்சு மொழியில் 'போன்' என்றால் அவரை வகை, 'போன்ச்யே' என்றால் சின்ன அவரை. தமிழ்நாட்டார் 'பீன்ஸ்' என்று ஆங்கிலத்தில் வாங்கியதை நாங்கள் ஒரு ஆட்சிக்கு முன்னமே டச்சில் வாங்கிவிட்டோம்.

நொத்தாரிசும் அகப்பட்டார், டச்சு மொழியிலும் அவர் 'நொத்தாரிஸ்' தான். பேத்தி விழுந்து விழுந்து சிரித்தது கக்கூசுக்கு. அங்கே அதை வாயால் சொன்னால் அடி விழுமாம். 'கக்' என்றால் மலம், 'ஹௌஸ்' என்றால் வீடு. பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் ஒல்லாந்தர் இருந்தவர்கள் என்பதால் இந்தச் சொல் கடலின் இரண்டு கரையிலும் உண்டு. தமிழ்நாட்டில் காசுக்குச் சொல்லும் 'துட்டு' அவர்களுடைய செப்புக்காசின் பெயர் என்று சென்னைப் பல்கலைக்கழக அகராதி சொல்கிறது.

கந்தோரின் கதை இன்னும் நீளம். டச்சில் அது 'கன்டோர்'. அவர்கள் அதைப் பிரெஞ்சுக்காரரிடம் எடுத்தார்கள். பிரெஞ்சில் காசு எண்ணும் மேசைக்கு வழங்கிய சொல் அது. எண்ணுதல் என்ற பொருளுடைய இலத்தீன் வேரிலிருந்து வந்தது. ஆங்கிலத்தின் 'கவுண்டர்' அதே வேர். 'கம்பியூட்டர்' அதே வேர். தபால்கந்தோரில் கவுண்டருக்குப் பின்னால் கம்பியூட்டரைத் தட்டிக்கொண்டிருக்கும் பிள்ளையிடம் இதைச் சொல்லலாம் என்று ஒருநாள் வாய்வரை வந்தது. வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர்களைப் பார்த்து விட்டுவிட்டேன்.

பிறகு பேத்தி குசினிக்குள் போனாள். தாச்சியில் அப்பளம் பொரிந்துகொண்டிருந்தது. "லாச்சி எங்கட எண்டால், தாச்சியும் எங்கடதானே?" என்றாள்.

இந்த இடத்தில் எனக்கு ஒன்று சுருக்கென்றது. சொன்னால் சின்னத்தனமாகத்தான் இருக்கும். தாச்சி யாருடையது என்பது எனக்குப் பெரிசாகப் படவில்லை. அவள் 'எங்கட' என்று சொன்னது யாரை என்பதுதான் குத்தியது. என் மகள் வயிற்றுப் பிள்ளை, எங்கள் குசினியில் நின்றுகொண்டு, ஒல்லாந்தரை 'எங்கட' என்கிறாள். தாச்சி ஒல்லாந்தருடையது ஆகிவிடக்கூடாது என்று அந்தக் கணமே நான் முடிவு கட்டிவிட்டேன். சொல்லாராய்ச்சியை ஆரம்பிக்க இதைவிட மோசமான மனநிலை வேறு கிடையாது.

நல்லவேளையாக உண்மை என் பக்கம் நின்றது, அல்லது நின்றதுபோல் இருந்தது. தாச்சி ஒல்லாந்தருடையது அன்று. போர்த்துக்கேய மொழியில் 'தாஷு' என்று ஒரு சமையல் பாத்திரம் உண்டு. சிங்களத்தின் 'தாச்சிய'வும் எங்கள் தாச்சியும் அதிலிருந்து வந்தவை. கதிரை, அலுமாரி, யன்னல், சப்பாத்து, வாங்கு, பாண், விறாந்தை எல்லாம் அந்த வீட்டுச் சொற்கள்தான். போர்த்துக்கேயர் 1619இல் யாழ்ப்பாண அரசைப் பிடித்து 1658இல் ஒல்லாந்தரிடம் இழந்தார்கள். நாற்பது வருடங்கூட நேரடியாக ஆளாதவர்கள் எங்கள் வீட்டுத் தளபாடம் முழுவதற்கும் பெயர் வைத்துவிட்டுப் போனார்கள். 1795 வரைக்கும், நூற்றுமுப்பது வருடத்துக்கு மேல், ஆண்ட ஒல்லாந்தர் விட்டுப்போனது எண்ணிச் சொல்லக்கூடிய சொற்கள். இதற்கு ஒரு காரணம் சொல்வார்கள். ஒல்லாந்தர் வந்த பிறகும் துறைமுகங்களிலும் வீடுகளிலும் பேச்சுமொழியாகப் போர்த்துக்கேயந்தான் நீடித்தது. அவர்களுடைய பிள்ளைகளே அதைப் பேசி வளர்ந்தார்கள். ஆட்சி மாறினாலும் குசினி மாறவில்லை. டச்சு மொழி கந்தோரிலும் நொத்தாரிசிடமும் நின்றுவிட்டது.

லாச்சிக்கும் தாச்சிக்கும் காதில் இடைவெளி ஒரே ஒரு எழுத்து. வந்த கப்பல்கள் வேறு, கொடி வேறு, நூற்றாண்டும் ஏறத்தாழ வேறு. தனியே ஒலியை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் நான் எந்த இலக்கணத்திலும் படித்ததில்லை.

இதைப் பேத்திக்கு விளக்கிக்கொண்டிருந்தபோதுதான் பக்கத்து வளவு மாஸ்ரர் படலையைத் திறந்துகொண்டு வந்தார். ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். சொல்லாராய்ச்சியில் அவருக்குக் கணிதத்தில் இருக்கும் நிதானம் இருக்காது. எல்லாவற்றுக்கும் ஒரு தமிழ் வேர் சொல்வார், அல்லது யாராவது ஒரு வெள்ளைக்காரனுடைய வேர் சொல்வார்; நடுவில் நிற்கமாட்டார். பேத்தி அவரிடம், தங்கள் ஊரில் விற்கப்போகும் வீடுகளுக்கு முன்னால் 'தே கோப்' என்று பலகை நட்டிருப்பார்கள் என்றாள். 'கோப்' என்றால் வாங்குதல், 'தே கோப்' என்றால் விற்பனைக்கு. எங்கள் ஊர் கோப்பாய். "அம்மம்மா, உங்கட ஊர் முழுக்க விற்பனைக்கோ?" என்று கேட்டாள். மாஸ்ரருக்குக் கண் விரிந்தது. ஒல்லாந்தர் இங்கே சந்தை வைத்திருப்பார்கள், அதனால்தான் கோப்பாய் என்று அந்த இடத்திலேயே ஒரு வரலாறு எழுதி முடித்தார்.

கேட்க இனிமையாகத்தான் இருந்தது. வெளிநாட்டிலிருந்து வந்து வளவு விற்றுப் போகிறவர்களைப் பற்றி எனக்கும் சொல்ல இரண்டு வார்த்தை இருந்ததால், அந்தப் பகிடியை மனம் உடனே விடவும் இல்லை. ஆனால் ஒரு ஆண்டு குறுக்கே நிற்கிறது. 1560இல் கோவாவிலிருந்து போர்த்துக்கேயப் பிரதிராசா கொன்ஸ்தந்தீனு த பிரகன்சா படையோடு வந்து இறங்கியபோது, யாழ்ப்பாண அரசன் நல்லூரைக் கைவிட்டுக் கோப்பாய்க்குப் பின்வாங்கினான் என்று போர்த்துக்கேயரின் வரலாறுகள் சொல்கின்றன. ஒல்லாந்தர் இந்த மண்ணில் கால் வைப்பதற்கு ஏறத்தாழ நூறு வருடம் முன்னமே கோப்பாய் கோப்பாயாகத்தான் இருந்தது. ஒல்லாந்தர் வந்தபோது பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார்கள், அவ்வளவுதான். 1658க்குப் பிறகு இங்கே ஊழியம் செய்த பிலிப்புஸ் பல்டேயஸ் பாதிரியார் 1672இல் அச்சிட்ட பெரிய புத்தகத்தில், வலிகாமத்துத் தேவாலயங்களின் வரிசையில் கோப்பாயும் வருகிறது. 'கோ பாய்ந்த இடம்' என்று ஊரில் சொல்லும் கதையை அந்த ஆண்டு நிரூபித்துத் தராது. ஆனால் 'தே கோப்' பலகையை நிச்சயம் பிடுங்கி எறிகிறது.

மாஸ்ரர் முகம் வாடவில்லை. "அப்ப கொக்கிஸ்?" என்றார்.

மேசையில் கொக்கிஸ் இருந்தது. கடையில் வாங்கிய பைக்கற். தெற்கில் சித்திரைப் புத்தாண்டுக்குச் சிங்கள வீடுகளில் கட்டாயம் செய்யும் பலகாரம். அரிசிமாவையும் தேங்காய்ப்பாலையும் கரைத்து, மஞ்சள் போட்டு, பூப்போன்ற பித்தளை அச்சை அதில் தோய்த்துக் கொதிக்கும் எண்ணெயில் பிடிப்பார்கள். தமிழ்நாட்டு அச்சுமுறுக்குக்கு நெருங்கிய உறவு. பேத்தி ஒன்றை எடுத்து உடைத்து, "கூக்யஸ்" என்றாள். 'கூக்' என்றால் கேக் மாதிரியான பண்டம். வாலில் 'யே' சேர்ந்தால் சின்னது. பன்மையில் 'கூக்யஸ்'. பெயர் அதுவேதான், கொக்கிஸ் என்ற சிங்களச் சொல்லை டச்சிலிருந்து வந்ததாகவே அறிஞரும் கொள்கிறார்கள். "கொக்கி மாதிரி அச்சு, அதனால் கொக்கிஸ்" என்ற மாஸ்ரரின் விளக்கத்தைப் பேத்தி மரியாதையோடு கேட்டுக்கொண்டாள்.

அதுவரைக்கும் இது எனக்குப் பழக்கமான கணக்குத்தான். அவர்களிடமிருந்து வந்தது, அவ்வளவு. மகள் இடையில் புகுந்து, "ஆனால் அங்க இப்ப சின்னவையள் 'குக்கி' எண்டும் சொல்லுதுகள்" என்றாள். டச்சு மொழியில் இரண்டும் இருக்கிறதாம். தேநீரோடு வரும் மெல்லிய பிஸ்கற்று 'கூக்யே'. அமெரிக்கப் பாணியில் சொக்கிலேற்றுத் துண்டுகள் பதித்த தடித்த வட்டம் 'குக்கி'. கைபேசியில் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் 'ஏற்றுக்கொள்' என்று கேட்டு வழிமறிக்கும் கணினிச் சங்கதியும் 'குக்கி'. 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மொந்தூலி என்ற பொறியாளர் அதை அமைத்தார். நிரலாளர்களிடம் ஏற்கெனவே புழங்கிய பெயரை அதற்கு வைத்தார். டச்சு அகராதியில் 'குக்கி'யைத் தேடினால் ஆங்கிலத்திலிருந்து வந்த சொல் என்றிருக்கும். ஆங்கில அகராதியில் தேடினால் டச்சுக் 'கூக்யே'யிலிருந்து வந்தது என்றிருக்கும்.

இதுதான் என்னைப் பிடித்து இருத்தியது. ஆண்டுகளை ஒரு கொப்பியில் எழுதிப் பார்த்தேன். 1658இல் யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தர் கைக்கு வருகிறது. ஆறு வருடம் கழித்து, 1664இல், உலகின் மறுபக்கத்தில் அவர்களுடைய நியூ ஆம்ஸ்டர்டாம் ஆங்கிலேயர் கைக்குப் போய் நியூயோர்க் ஆகிறது. ஊர் கைமாறினாலும் அங்கே குடியிருந்த டச்சுப் பெண்கள் அடுப்பை அணைத்துவிட்டுக் கப்பலேறவில்லை. அவர்கள் சுட்ட 'கூக்யே'யை அயலில் இருந்த ஆங்கிலேயர் தின்று, 'குக்கி' என்று பெயரையும் எடுத்துக்கொண்டார்கள். 1796இல் அமீலியா சிம்மன்ஸ் என்ற பெண் எழுதி வெளியிட்ட 'அமெரிக்கன் குக்கரி' என்ற சமையல் நூலில் அந்தச் சொல் சமையற் குறிப்பின் தலைப்பாகவே அச்சேறிவிட்டது. அதே 1796இன் பெப்ரவரியில்தான் கொழும்பும் ஆங்கிலேயரிடம் விழுந்து இலங்கையில் ஒல்லாந்தர் கதை முடிந்தது. இங்கே அவர்கள் விட்டுப்போன 'கூக்யஸ்' தேங்காய்ப்பாலில் தோய்ந்து கொக்கிஸ் ஆனது. அங்கே விட்டுப்போனது ஆங்கிலத்தில் வளர்ந்து, சொக்கிலேற்றுப் பதித்து, கணினிக்குள்ளும் ஏறி, கடைசியில் ஆம்ஸ்டர்டாமுக்கே பிறத்தியார் சொல்லாகத் திரும்பிப் போயிருக்கிறது. சொந்தப் பேரப்பிள்ளையை அடையாளம் தெரியாமல், "நீர் ஆர் தம்பி?" என்று கேட்கும் கிழவியைப் போல டச்சு மொழி அதை வாங்கி வைத்திருக்கிறது.

என் சுவர்ப் பட்டியலின் முதற் சொல் அப்போதுதான் வேறு மாதிரித் தெரிந்தது. நெதர்லாந்துக்குப் போயிருந்தபோது கடற்கரையில் வரிசையாக நின்ற பாய்ப்படகுகளைக் காட்டி, "கட்டமரான், அம்மம்மா! உங்கட சொல்" என்று பேத்தி கத்தினாள். எனக்கு அந்த 'உங்கட'வும் பிடிக்கவில்லை, அது வேறு கதை. பருத்தித்துறைப் பக்கம் சின்ன வயதில் நான் பார்த்த கட்டுமரம், மரக்குற்றிகளை அருகருகே வைத்துக் கயிற்றால் இறுக்கியது. அலை மேலே ஏறி மறுபக்கம் வழிந்து ஓடும். அங்கே நின்றது பிளாஸ்ரிக்கும் கண்ணாடி இழையும் சேர்த்து வார்த்த இரண்டு ஒடுங்கிய உடல், நடுவே வலை. அதில் கட்டும் இல்லை, மரமும் இல்லை. கட்டுமரத்தை 1697இல் வெளிவந்த பயணநூலில் ஆங்கிலேய மாலுமி வில்லியம் டாம்பியர் சோழமண்டலக் கரையில் கண்டதாக எழுதினார். பிறகு ஆங்கிலேயர் வாயில் அந்தப் பெயர் இரட்டை உடல் படகுக்கு இடம் மாறியது. 1876இல் அமெரிக்கர் நத்தானியேல் ஹெரஷோஃப் கட்டிய 'அமரிலிஸ்' நியூயோர்க்கில் நடந்த பந்தயத்தில் வென்று அந்த வகைக்குப் பெயர் தேடித் தந்தது. டச்சு மொழியில் இன்றிருக்கும் 'கட்டமரான்' இந்த ஆங்கில வழியால் வந்தது. எங்கள் கரையில் நூற்றுமுப்பது வருடம் உட்கார்ந்து கட்டுமரத்தைக் கண்ணாலேயே பார்த்துக்கொண்டிருந்தவர்கள், அந்தச் சொல்லை ஆங்கிலேயரிடம் வாங்கியிருக்கிறார்கள்.

கறியும் அப்படித்தான் கலங்கிக் கிடக்கிறது. லின்ஸ்கோட்டன் என்ற ஒல்லாந்தர் 1596இல் அச்சிட்ட தன் கிழக்கிந்தியப் பயணநூலில், சோற்றின்மேல் ஊற்றித் தின்னும் புளிப்புக் குழம்புக்குக் 'கரியெல்' என்று பெயர் எழுதினார். டச்சில் மஞ்சள் நிறக் கறித்தூளுக்கு வழங்கும் 'கெரி' ஒருபக்கம். ஆங்கில எழுத்தோடே வந்த 'கரி' இன்னொருபக்கம். பேத்திக்குக் 'கரி' என்றால் உருளைக்கிழங்குப் பொரியலுக்கு மேலே பிழியும் சிவப்புச் சோஸ். அவளிடம், "கறி போடட்டோ?" என்று நான் கேட்டபோதெல்லாம் அவள் வேண்டாம் என்று தலையாட்டியதற்குக் காரணம் எனக்கு வெகுநாள் பிடிபடவில்லை.

நேராக எங்களிடம் வாங்கியவையும் ஒல்லாந்தருக்கு இருந்தன. 1707இல் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற அவர்களுடைய அதிகாரி யாழ்ப்பாணத்தின் வழக்காறுகளைத் தொகுத்தார், அதுதான் தேசவழமை. முதுசம், சீதனம், தேடியதேட்டம் எல்லாம் டச்சுக் காகிதத்தில் ஏறி, பிறகு ஆங்கிலத்துக்குப் பெயர்க்கப்பட்டு, இன்றும் எங்கள் காணி வழக்குகளின் ஆங்கிலத் தீர்ப்புகளில் உரோம எழுத்தில் நிற்கின்றன. பங்குபிரிக்க வழக்காறு தெரிந்தாகவேண்டும்; அதற்குச் சொல்லை நேரடியாகக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். மீன்பிடிக்கிறவன் ஏறிப்போகும் மரத்தின் பெயர் ஒல்லாந்தரின் கொம்பனிக்கு எதற்கு? எவன் எந்தத் தேவைக்கு எந்தச் சொல்லை எடுத்தான் என்று பார்க்கத் தொடங்கிய பிறகு, கொடுத்த கணக்கும் வாங்கிய கணக்கும் தனித்தனிப் பக்கங்களாக எனக்கு எழுத வரவில்லை. அலுமாரியில் சுருட்டி வைத்திருந்த அந்தப் பழைய சுவர்ப் பட்டியலைப் பேத்தியிடம் கொடுத்துவிட்டேன்.

அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் ஊர்விட்டு ஊர் போன சொற்களைப் பற்றி ஒரு வேலை கொடுத்திருக்கிறார்கள். சொல், முதலில் யாருடையது, எந்த வழியால் வந்தது, எந்த ஆண்டில் முதலில் எழுத்தில் இருக்கிறது என்று நாலு கட்டம் போட்டு, நாளுக்கு ஒரு சொல் கேட்டுக் குறுஞ்செய்தி அனுப்புகிறாள். கொக்கிஸ் விசயத்தில் எங்களுக்குள் சண்டை. டச்சிலிருந்து தமிழுக்கு ஒரே அம்புக்குறி போடுவோம் என்பது அவள் கட்சி. நடுவில் சிங்களம் இருக்கிறது, அந்தப் பலகாரத்தை நாங்கள் கற்றது சிங்கள வீடுகளில்தான், இரண்டு அம்பு வேண்டும் என்பது என் கட்சி. நான் வென்றேன்.

போன கிழமை மாஸ்ரர் புதிதாக ஒன்று கொண்டுவந்தார். ஆங்கிலத்தில் ரைஸ், டச்சில் ரைஸ்ட், இரண்டும் எங்கள் அரிசி என்றார். வழக்கம்போல் சிரித்துத் தள்ளிவிட முடியவில்லை. ஐரோப்பிய மொழிகளுக்கு அந்தச் சொல் கிரேக்கத்தின் 'ஒரிசா' வழியாகத்தான் போனது. அந்தக் கிரேக்கச் சொல்லைத் தமிழ் அரிசியோடு தொடுத்தவர் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல்தான். பின்வந்த அறிஞர் பலர், அது கிழக்கு ஈரானிய மொழி ஒன்றிலிருந்து போயிருக்க வேண்டும் என்கிறார்கள். மாஸ்ரர் கால்டுவெல்லோடு நிறுத்திக்கொண்டார். நான் இரண்டையும் பேத்திக்கு எழுதி அனுப்பினேன். முதலாவதைக் கொஞ்சம் கூடுதலாக விரித்து எழுதியிருப்பேன் போலிருக்கிறது.

"அப்ப தமிழ் எண்டு எழுதவோ, அம்மம்மா?" என்று கேட்டிருக்கிறாள்.

பென்சிலால் எழுது பிள்ளை என்று பதில் போட்டிருக்கிறேன்.